பாக்கெட் சூப்பர்ஜூம் ஆறு வருடம், மிரர்லெஸ் மூன்று வருடம்

“அண்ணே, உங்ககிட்டதான் ரெண்டு கேமராவும் இருக்குல்ல, பாக்கெட் சூப்பர்ஜூமா, மிரர்லெஸ்ஸா, நான் எதை வாங்கட்டும்?” என்று சித்தப்பா மகன் போன மாதம் போனில் கேட்டான். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. நாற்பது நிமிடம் பேசினேன், வைத்த பிறகு யோசித்தால் பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்கும் பயன்படும்.

முதலில் என்னிடம் இருப்பவை. 2019-இல் வாங்கியது கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ், லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே இருக்கும் பாக்கெட் சூப்பர்ஜூம். 40 மடங்கு ஜூம், ஃபுல் ஃப்ரேம் கணக்கில், அதாவது பழைய 35 மிமீ ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டால், 24 முதல் 960 மிமீ வரை; எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 299 கிராம், பேன்ட் பையில் அடங்கிவிடும். 2022 கடைசியில் லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவான கேனான் ஈஓஎஸ் ஆர்10 வாங்கினேன், 18-150 மிமீ லென்ஸோடு. மூன்று மாதம் கழித்து ஆர்எஃப் 100-400 லென்ஸையும் சேர்த்தேன், ஆர்10-இல் மாட்டினால் அதே ஃபுல் ஃப்ரேம் கணக்கில் அது 640 மிமீ வரை போகும். கேமரா 429 கிராம், அந்தப் பெரிய லென்ஸ் 635 கிராம், ஆக மாட்டித் தூக்கினால் ஒரு கிலோவைத் தாண்டும். பணமும் அப்படித்தான், சின்னதற்குக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு ஆகிவிட்டது.

நான் இருப்பது பாளையங்கோட்டை. எடுப்பது பறவைகள், கோபுரங்கள், வீட்டு விசேஷங்கள். வீடியோ பக்கம் அதிகம் போவதில்லை, அதனால் அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

வித்தியாசம் எனக்கு உறைத்த இடம் கூந்தன்குளம். நாங்குநேரி பக்கம் இருக்கும் அந்த ஊரில் வீட்டை ஒட்டிய மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகளும் வரும். அவை பகலெல்லாம் குளத்தில் கிடந்துவிட்டு, இருட்டும் நேரத்தில் வயல்களுக்கு மேயப் போய், விடியும்போது திரும்பும். ஆக அவை பறப்பதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் வெளிச்சம் போதாத நேரத்தில்தான் எடுத்தாக வேண்டும்.

2020 ஜனவரியில் சின்னக் கேமராவோடு குளக்கரையில் நின்றேன். சூரியன் வந்தும் வராத நேரம். பக்கத்தில் நின்ற பெரியவர் “அந்தா வருது பாருங்க சார்” என்று கை காட்டினார். ஜூமை முழுக்க நீட்டிப் பிடித்தேன். ஒளியுணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ அந்தக் கேமராவின் கடைசி எல்லையான 3200-க்குப் போய் நின்றது, ஷட்டர் வேகம் 1/200 நொடியைத் தாண்டவில்லை. ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி, ஒருவழியாகப் பிடித்தபோது கூட்டம் தலைக்கு மேல் போய்விட்டது. பதினோரு படம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் பறவைக்குப் பெயரே எதனால் வந்ததோ அந்தத் தலைப் பட்டைகள் ஒன்றில்கூட இல்லை. இறகுகள் ஈரத் தூரிகையால் இழுத்துவிட்ட மாதிரி கலங்கிக் கிடந்தன.

அதே கரை, 2023 பிப்ரவரி, கையில் ஆர்10-உம் 100-400-உம். ஐஎஸ்ஓ 6400, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/640. படத்தில் புள்ளி புள்ளியாக மணல் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மணலுக்குள்ளே பறவை இருக்கிறது. தலையின் இரண்டு கறுப்புப் பட்டைகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம், விரித்த சிறகில் ஒவ்வொரு இறகின் ஓரமும் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு மிரர்லெஸ்தான் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்த 2020 ஜனவரி காலையிலேயே, இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்பது மணி வெயிலில், மரத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சள் மூக்கு நாரை ஒன்றைச் சின்னக் கேமராவில் எடுத்தேன். முகத்தின் ஆரஞ்சுத் தோல், வால் பக்கம் இருக்கும் ரோஜா நிற இறகு எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எந்தக் கேமரா என்று கேட்பார்கள், அதை எடுத்துக் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

ஒரே கேமரா, ஒரே ஊர், ஒரே காலை. மாறியது மணி மட்டும்தான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். 960 மிமீ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த லென்ஸின் உண்மையான குவிய நீளம் 172 மிமீதான். முழு ஜூமில் எஃப்/6.9. 172-ஐ 6.9-ஆல் வகுத்தால் 25 மிமீ வரும். அதாவது ஒளி உள்ளே வரும் வாசல் பத்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றுச் சின்னது. 100-400 லென்ஸில் 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மிமீ. விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதே பறவையிடமிருந்து நான்கு மடங்கு ஒளி உள்ளே வருகிறது. அதைப் பிடிக்கும் சென்சாரும் பெரியது: சின்னதில் சுமார் 28 சதுர மில்லிமீட்டர், ஆர்10-இல் சுமார் 332. கடையில் மெகாபிக்சலைச் சொல்வார்கள், ஜூம் எத்தனை மடங்கு என்று சொல்வார்கள், இந்த வாசலைப் பற்றி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து போனில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கணக்கை மற்ற கேமராக்களுக்கும் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. 2017-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம், 600 மிமீ வரை போகும். அதன் நிஜ நீளம் 220, எஃப்/4, ஆக வாசல் 55 மிமீ. என் மிரர்லெஸ் ஜோடியை விடப் பெரியது. எடையைப் பார்த்தால் 1,095 கிராம். என் ஜோடி 1,064. 3000 மிமீ வரை இழுக்கும் நிக்கான் பி1000-இன் வாசல் 67 மிமீ, எடை 1,415 கிராம். ஆக சூப்பர்ஜூம் என்றாலே மங்கலில் சுமார் என்று சொல்லிவிட முடியாது. பெரிய வாசல் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடி வேண்டும், கண்ணாடி கனக்கத்தான் செய்யும், அது எந்த வகைக் கேமராவானாலும். பையில் அடங்கவும் வேண்டும், விடியற்காலையில் பறக்கிற பறவையும் வேண்டும் என்றால் அப்படி ஒரு பெட்டி எந்தக் கடையிலும் இல்லை.

“மிரர்லெஸ் 640 மிமீதானே, இது 960 ஆச்சே” என்று சித்தப்பா மகன் கேட்டான். எனக்கும் வாங்கும்போது அதே சந்தேகம் இருந்தது. ஆர்10-இல் 24.2 மெகாபிக்சல். 640-இல் எடுத்த படத்தை 960 அளவுக்கு வெட்டினாலும் பத்து மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும், அதை வைத்துத் தாராளமாகப் பெரிய பிரிண்ட் போடலாம். சின்னதில் 20 மெகாபிக்சல் என்று எண்ணிக்கை இருந்தாலும், அவ்வளவு குறுகிய வாசல் வழியாக வரும் ஒளி லேசாகப் பரவி, ஒரு புள்ளியில் விழ வேண்டியது பக்கத்துப் புள்ளிகளிலும் வழிந்துவிடும். ஒரே பறவையை ஒரே நேரத்தில் இரண்டிலும் எடுத்து, வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல வெயிலிலும் ஆர்10-தான் மேல். என்ன, வெயிலில் அந்த வித்தியாசம் பெரிதாக்கிப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னக் கேமராவின் அருமை வேறு இடத்தில். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ரத வீதியில் நண்பர் வீட்டு மாடி. தேர் திரும்பும்போது 24 மிமீயில் தேரும் தெருவும் ஜனமும் முழுதாக ஒரு படம். அடுத்த நொடியில் ஜூமை இழுத்தால் வடத்தைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும், நரம்பு புடைத்து, வடத்தின் நார் உள்ளங்கையில் பதிந்து. இன்னும் கொஞ்சம் இழுத்தால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் முகம். மூன்றும் ஒரு நிமிடத்துக்குள். மிரர்லெஸ்ஸில் இதற்கு நான் லென்ஸ் மாற்ற வேண்டும், மாற்றி முடிப்பதற்குள் தேர் நகர்ந்துவிடும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் அப்படித்தான். மேல் நிலையில் இருக்கும் ஒரு பூதத்தின் பல்வரிசையை நான் தெருவில் நின்றுகொண்டே 960-இல்தான் முதன்முதலில் பார்த்தேன். சிலை அசையப் போவதில்லை, நடுப்பகல் வெயில், சின்ன வாசல் அங்கே ஒரு குறையே இல்லை.

அதில் ஜூம் ஃப்ரேமிங் அசிஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு. முழு ஜூமில் பறவையைத் தவறவிட்டால் அதை அழுத்திப் பிடிக்க, ஜூம் பின்வாங்கும், பறவை எங்கே என்று பார்த்துக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் போகும். வாங்கி ஒரு வருடம் நான் இதைத் தொடவே இல்லை, தெரிந்த பிறகு அது இல்லாமல் எடுப்பதில்லை. நிலாவுக்கும் நல்ல கேமரா, 960-இல் கட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலா வந்துவிடும்.

குறைகள் என்றால், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. உச்சி வெயிலில் திரையைப் பார்த்துப் பறவையைத் தேடுவது கஷ்டம், ஒரு கையால் நிழல் மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் பிடித்தால் கேமரா ஆடும். கேமரா பதப்படுத்தாத மூலப் படமான ரா ஃபைல் கிடையாது, ஜேபெக் மட்டும்தான், பிறகு திருத்த அதிகம் இடமில்லை. அப்புறம் 24 மிமீயிலிருந்து 100 மிமீ வரைக்கும் இப்போதைய நல்ல போன்களே போதும். இந்த வகைக் கேமரா இன்றைக்கு ஈடுகொடுப்பது 200-க்கு மேலே, பகலில். அந்த இடத்தில் போன் கிட்டவே வர முடியாது.

மிரர்லெஸ் பக்கம் எனக்கு மிகப் பிடித்தது பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். நாணலுக்கு நடுவே மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் சில சமயம் நாணலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வானத்தில் பறக்கும் பறவை என்றால் ஃபோகஸ் கட்டம் கண்ணோடு ஒட்டிக்கொண்டே போகும். ஷட்டரை மெக்கானிக்கலில் வைத்து நொடிக்கு 15 படம் எடுக்கிறேன். எலெக்ட்ரானிக்கில் 23 வரும், ஆனால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து தெரியும். கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கியே ஆக வேண்டும், பறவைக்குப் போனால் ஒரு காலையிலேயே முதல் பேட்டரி தீர்ந்துவிடும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான லென்ஸ் ஹுட் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மழை, தூசிக் காப்பு இல்லை, தூறல் விழுந்தால் நான் பைக்குள் வைத்துவிடுவேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பூஞ்சை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. கேமராப் பையை மேல் அலமாரியில் ஏற்றி வைத்துக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். பை லேசாக ஈரமாக இருந்ததைக் கவனிக்கவில்லை, வீட்டுச் சுவரெல்லாம் ஊறியிருந்த நாட்களில் இரண்டு மாதம் அதைத் திறக்கவும் இல்லை. பிப்ரவரியில் 18-150 லென்ஸைக் கழற்றி போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. சுத்தம் செய்து வாங்க மூன்று வாரம் ஆனது, செலவும் கணிசம். இப்போது ரப்பர் விளிம்பு வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நம் ஊரில் லென்ஸ் வாங்கும் அன்றைக்கே அந்த டப்பாவையும் வாங்கிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? சித்தப்பா மகனிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான்: “உன் போன்ல கேலரியைத் திற. போன ஆறு மாசத்துல ஆசைப்பட்டு எடுத்து, சரியா வரலையேன்னு நீ வருத்தப்பட்ட படமா ஒரு முப்பது எடு. ஒவ்வொண்ணும் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு பாரு.” பெரும்பாலானவை காலை எட்டுக்கும் மாலை நாலரைக்கும் இடைப்பட்டவை, தூரம் போதாமல் கெட்டவை என்றால் பாக்கெட் சூப்பர்ஜூம் போதும், மனநிறைவோடு வாங்கலாம். அதற்கு வெளியே, அல்லது கூரைக்குக் கீழே என்றால் மிரர்லெஸ். என் படங்களை அப்படிப் பிரித்தால் பறவைகள் எல்லாம் காலை ஏழுக்கு முன்னால், கோபுரமும் தேரும் பகலில். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால் காரணம் அதுதான். வெளியூர்ப் பயணத்துக்குச் சின்னது மட்டும் போகும், இப்போதெல்லாம் பாதி நாள் அம்மாவின் கைப்பையில்தான் இருக்கிறது.

அவன் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். முப்பதில் இருபத்திரண்டு படம் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டுக்குள். எல்லாம் மகள் இன்டோர் ஸ்டேடியத்தில் ஷட்டில் ஆடுவது, எல்லாவற்றிலும் மட்டையும் கையும் கலங்கி ஒரே புகை. மைதானத்து ஓரத்திலேயே உட்கார இடம் கிடைக்கும் என்றான். அப்படியானால் உனக்கு ஜூமே வேண்டாம் என்றேன். 375 கிராம் எடையுள்ள கேனான் ஆர்50 மிரர்லெஸ்ஸையும், 160 கிராம் எடையில் ஆர்எஃப் 50 மிமீ எஃப்/1.8 லென்ஸையும் வாங்கியிருக்கிறான். நேற்று ஒரு படம் அனுப்பினான். பிள்ளை எம்பி நிற்கிறாள், ஷட்டில்காக் மட்டையின் நரம்பில் பட்டு அமுங்கியிருக்கிறது, நெற்றியில் வேர்வை.