2ஜேஇசட்டா, ஈஜே257-ஆ, பி58-ஆ? ஸ்டாக் இன்ஜின் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு

டர்போ மாற்றவோ பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றவோ ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இன்ஜினைப் பிரிக்காமல், உள்ளே எதையும் மாற்றாமல், எத்தனை ஹெச்பி வரை போகலாம்?" பதிலாக ஓர் எண் வரும். டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ என்றால் 600, 700. சுபாருவின் ஈஜே257 என்றால் 350, மிஞ்சிப்போனால் 400. முன்னது எருமைக்கடா, பின்னது கண்ணாடிப் பாத்திரம் என்று பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைப்பது சரியில்லை. 2ஜேஇசட்டுக்கு ஆறு சிலிண்டர், ஈஜேவுக்கு நான்கு. 600-ஐ ஆறால் வகுத்தால் சிலிண்டருக்கு 100 ஹெச்பி. 400-ஐ நான்கால் வகுத்தாலும் அதே 100. பக்கத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது ஒரு பிஸ்டனுக்குத் தெரியாது. தன் தலையில் விழும் அடி மட்டும்தான் தெரியும். அந்தக் கணக்கில் பார்த்தால் கடாவும் கண்ணாடியும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கம்பெனி ஏற்கெனவே எவ்வளவு பிழிந்துவிட்டது என்பதில். ஐந்து இன்ஜின்களை எடுத்துக்கொள்வோம். போர் என்பது சிலிண்டரின் அகலம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். டெக் என்பது பிளாக்கின் மேல்முகம், அது மூடியிருந்தால் சிலிண்டர் சுவருக்குத் தாங்கல் அதிகம். கம்ப்ரெஷன் என்பது உள்ளே போன கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற எண்.

| இன்ஜின் | போர் × ஸ்ட்ரோக் (மி.மீ.) | பிளாக் | கம்ப்ரெஷன் | கம்பெனி ஹெச்பி, சிலிண்டருக்கு |
|---|---|---|---|---|
| டொயோட்டா 2ஜேஇசட்-ஜிடிஇ (ஏற்றுமதி, 320 ஹெச்பி) | 86 × 86 | இரும்பு, மூடிய டெக் | 8.5 | 53 |
| சுபாரு ஈஜே257 (300 ஹெச்பி) | 99.5 × 79 | அலுமினியம், பாதி மூடிய டெக் | 8.2 | 75 |
| பிஎம்டபிள்யூ பி58 (முதல் வடிவம், 320 ஹெச்பி) | 82 × 94.6 | அலுமினியம், மூடிய டெக் | 11 | 53 |
| ஹோண்டா கே24ஏ2 (200 ஹெச்பி, டர்போ இல்லை) | 87 × 99 | அலுமினியம், திறந்த டெக் | 10.5 | 50 |
| ஜிஎம் எல்எம்7, 5.3 லிட்டர் வி8 (270 ஹெச்பி, டர்போ இல்லை) | 96 × 92 | இரும்பு | 9.5 | 34 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். 2ஜேஇசட் தொழிற்சாலையை விட்டு வரும்போதே சோம்பேறியாக வருகிறது. அந்தக் காலத்து ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த வாய்மொழி ஒப்பந்தத்தால் உள்நாட்டு மாடலுக்குக் காகிதத்தில் 280 பிஎஸ் (ஏறத்தாழ ஹெச்பி போன்ற அளவு) என்றே எழுதினார்கள். இன்ஜினைச் செய்தவர்களோ அதற்கு வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங், ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) கிராங்க், பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட் எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிஸ்டன் மட்டும் வார்ப்புதான். 2ஜேஇசட் புராணம் பாடுகிறவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஈஜே257 அப்படியில்லை. கடையில் வாங்கும்போதே சிலிண்டருக்கு 75. 100 என்ற இடத்துக்கு இன்னும் கால் பங்குதான் பாக்கி. கூடவே அகலமான போர். 99.5 மி.மீ. பிஸ்டனின் தலைப்பரப்பு 86 மி.மீ. பிஸ்டனைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். எரியும்போது சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், 2ஜேஇசட் பிஸ்டன்மேல் சுமார் 5.9 டன் எடை வந்து உட்காரும், ஈஜே பிஸ்டன்மேல் 7.9 டன். இதே அழுத்தம் அதிக டார்க்கையும் (சுழற்றும் விசை) தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் ரிங் லேண்ட், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய அலுமினிய வளையம், அதற்கேற்பத் தடிமனாவதில்லை. ஈஜே257 உடைகிற இடமும் பெரும்பாலும் அதுதான். ராடும் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) கிராங்க்கும் நன்றாக இருக்கும், ரிங் லேண்ட் மட்டும் விரிசல் விட்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிங் லேண்ட் சும்மா உடைவதில்லை, நாக்கிங்தான் உடைக்கிறது. ஒழுங்கான எரிப்பில் ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்திலிருந்து தீ சீராகப் பரவும், அழுத்தம் படிப்படியாக ஏறும். நாக்கிங்கில், தீ இன்னும் வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். மெதுவாக அழுத்த வேண்டிய இடத்தில் சுத்தியலடி விழுகிறது. ஒழுங்காக எரியும்போது 100 ஹெச்பி தாங்கும் சிலிண்டர், நாக்கிங் விழுந்தால் 70-லேயே போய்விடலாம். அதனால்தான் "350 பத்திரம், 400 ஆபத்து" என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. மோசமான மேப்பில் (எரிபொருளையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்த இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் அட்டவணை) 300-ம் ஆபத்துதான்.

எத்தனால் கலந்த இ85 இங்கேதான் கைகொடுக்கிறது. ஆவியாகும்போது எத்தனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே போகும் காற்று குளிர்கிறது, நாக்கிங் விலகுகிறது. ஆனால் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ85-க்கு 9.8 அளவில்தான். ஆகவே எரிபொருள் சுமார் ஒன்றரை மடங்கு பாய வேண்டும். பம்ப், இன்ஜெக்டர் இரண்டும் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

பி58-இல் முதலில் கை விரிப்பது பெரும்பாலும் இந்த எரிபொருள் பக்கம்தான். மூடிய டெக், ஃபோர்ஜ் செய்த கிராங்க், ஃபோர்ஜ் செய்த ராடு என்று அடிப்பகுதி 2ஜேஇசட்டின் பேரன் என்று சொல்லும்படி இருக்கிறது. 2019-இல் வந்த சுப்ராவுக்குள் டொயோட்டாவே அதை வைத்தது பொருத்தமான வேடிக்கை. ஆனால் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஹை-பிரஷர் பம்ப்தான் முழு எத்தனாலில் முதலில் மூச்சு வாங்கும். கம்ப்ரெஷனும் 11. சாதாரண பெட்ரோலில் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போக அது விடாது. 2ஜேஇசட்டின் 8.5 மன்னிக்கும் தவறுகளை 11 மன்னிக்காது.

இனி டார்க். "400 ஹெச்பி" என்பது ஒரே விஷயம் இல்லை. அதே 400-ஐ 6,500 ஆர்பிஎம்மில் எடுத்தால் அங்கே டார்க் 438 நியூட்டன் மீட்டர். 4,500-லேயே எடுத்தால் 633. டைனோ (சக்தியை அளக்கும் கருவி) தாளின் தலைப்பில் இரண்டும் ஒரே எண்தான். ராடின் கண்ணில் ஒன்று சுமை, இன்னொன்று கொலை. சின்ன டர்போ வைத்துக் கீழே சீக்கிரம் பூஸ்ட் வர வைத்து, 3,000 ஆர்பிஎம்மில் ஆறாவது கியரில் மிதித்தால், கிராங்க் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் முழு அழுத்தமும் ராடின்மேல் நிற்கும். ராடு வளைவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு எத்தனாலும் மருந்தில்லை. நாக்கிங்கே இல்லாமல் சுத்தமாக எரிந்தாலும் வளைகிற ராடு வளையும்.

மறுபக்கம், ஆர்பிஎம் ஏற்றினால் வேறு கணக்கு. மேலே போய்த் திரும்பும் பிஸ்டனை இழுத்து நிறுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது. 7,000-இலிருந்து 8,000-க்குப் போனால் அந்த இழுவை 31 சதவீதம் கூடும். சுமை ராடு போல்ட்டின்மேல். கே24-இன் கதை இதுதான். 99 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 8,000 சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 26.4 மீட்டர். 2ஜேஇசட் 7,000 சுற்றும்போது 20.1 மட்டுமே. கே24-ஐ உயரச் சுழற்றுகிறவர்கள் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டோடு வரும் எண்ணெய் பம்பைக் கழற்றிவிட்டு, ஹோண்டாவின் இன்னோர் இன்ஜினான கே20-இன் பம்பைப் போடுவதும் இந்த உயர் ஆர்பிஎம்முக்குப் பயந்துதான். அதே இன்ஜினுக்கு டர்போ வைத்தால் ஆர்பிஎம்மை ஏற்ற வேண்டிய அவசியமே குறைகிறது. ஆனால் திறந்த டெக்கில் சிலிண்டர் சுவரின் மேல்முனைக்குப் பக்கத் தாங்கல் இல்லை. அழுத்தம் கூடக் கூட சுவர் அசையும், ஹெட் கேஸ்கெட் முதலில் புகார் சொல்லும்.

5.3 லிட்டர் வி8-ஐ இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது கொஞ்சம் ஓரவஞ்சனை. எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் வெறும் 34. பிக்கப் வண்டி ஓட்டப் பிறந்த இரும்பு பிளாக். இருந்தும் அதில் ஒரு கண்ணி உண்டு. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கம்பெனி ரிங் கேப்பை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை, நெருக்கமாக வைத்திருக்கும். பூஸ்டின் சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால், ரிங் சுவரில் பிடித்துக்கொண்டு லேண்டைப் பெயர்த்து எடுக்கும். ரிங்கைக் கழற்றி அதன் முனையை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ராவினால் அதே வார்ப்பு பிஸ்டன் வெகுதூரம் போகும். ஆனால் ராவிவிட்ட பிறகு அது ஸ்டாக் இன்ஜின்தானா? கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. இணையத்தில் பெருமை பேசும் பல எண்களுக்குப் பின்னால் இப்படி ஒரு ராவல் ஒளிந்திருக்கும்.

எண்களைப் பற்றி இன்னொன்று. சக்கரத்தில் அளந்ததா கிராங்க்கில் அளந்ததா என்று கேளுங்கள், நடுவே 15 சதவீதம் அளவு போய்விடும். எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். டைனோவில் ஓர் இழுப்பு பத்துப் பதினைந்து நொடி. நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயம் பத்து நொடி. சர்க்யூட்டில் இருபது நிமிடம் ஓடினால் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் நிரம்பச் சூடாகி, எண்ணெய் இளகி, முதல் சுற்றில் இல்லாத நாக்கிங் பத்தாம் சுற்றில் தலைகாட்டும். 2ஜேஇசட்டின் 700 பெரும்பாலும் பத்து நொடிக் கதை.

என் கையில் சாவி இருந்தால்: தினமும் ஓட்டவும் 450 வேண்டும் என்றால் பி58, பம்பை மட்டும் மாற்றி. 600-க்கு மேல் போகத்தான் போகிறேன் என்று தெரிந்தால் 2ஜேஇசட், அதுவும் பெரிய டர்போவோடு, டார்க் மேலே வரும்படி. எல்எம்7 எடுத்தால் முதல் நாளே ரிங் கேப். கே24-ஐ டர்போ இல்லாமல் விட்டுவிடுவேன், அதன் அழகு அங்கேதான். ஈஜே257 ஏற்கெனவே வீட்டில் நின்றால், சக்கரத்தில் 330 வரை போதும் என்று வைத்துக்கொண்டு, 3,500 ஆர்பிஎம்முக்குக் கீழே பூஸ்டைப் பிடித்து வைக்கச் சொல்வேன். அதற்கும் முன்னால் நான்கு சிலிண்டருக்கும் லீக்-டவுன் டெஸ்ட் (காற்றை அழுத்திச் செலுத்திக் கசிவை அளக்கும் சோதனை). ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றைவிடத் தெளிவாக அதிகம் கசிந்தால், டியூனரிடம் காட்ட அந்தத் தாள் போதும். பூஸ்ட் ஏற்றும் பேச்சை அன்றைக்கே தள்ளிவைத்துவிடலாம்.