நான்கு முந்திரிப் பருவம் ஓட்டிய பிறகு: மினி டிராக்டரும் புல் வெட்டும் டெக்கும்

போன வாரம் பாகூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, தென்னந்தோப்புல புல்லு மண்டிக் கிடக்கு. நீங்க டிராக்டருக்குப் பின்னாடி மாட்டியிருக்கீங்களே, அந்த மாதிரி டெக் ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டான். அந்த நேரம் நான் பண்ருட்டியில் ஒரு லேத் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் டெக்கின் நடு ஸ்பிண்டிலை, அதாவது நடு பிளேடு சுழலும் தண்டை, பிரித்துப் போட்டிருந்தார்கள். "வாங்காதே மாப்ள" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் அவனுக்குத் தெரிய வேண்டும். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டிராக்டர் 24 குதிரைத்திறன். டெக் என்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் கருவி; நான்கடி அகலம், மூன்று பிளேடு, பெல்ட்டில் ஓடுவது. 2021 கடைசியில் இரண்டையும் சேர்த்தே எடுத்தேன். டிராக்டரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்டிவேட்டர், டிரெய்லர், மருந்து டேங்க் எதை மாட்டினாலும் இழுக்கிறது. பேச வேண்டியது டெக்கைப் பற்றித்தான்.

எங்கள் தோப்பு நான்கு ஏக்கர், செம்மண். உள்ளே முந்திரி, வேலியோரம் பலா. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அப்பா வளர்த்த மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்துவிட்டன. அவை கொட்டை போட்டு முளைத்த மரங்கள், வரிசை என்று எதுவும் கிடையாது. அந்தக் காலத்துத் தோப்பாக இருந்தால் மினி டிராக்டர்கூட உள்ளே திரும்பியிருக்காது. புயலுக்குப் பிறகு வி.ஆர்.ஐ.-3 என்ற முந்திரி ரகத்தின் ஒட்டுக்கன்றுகளை ஏழு மீட்டர் இடைவெளியில் கயிறு பிடித்து வைத்தோம். டெக் இன்று நெடுக்கிலும் குறுக்கிலும் போய் வர முடிகிறது என்றால் அதனால்தான்.

டெக் வருவதற்கு முன் வருடத்துக்கு இரண்டு தடவை மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டரை வாடகைக்கு விடுவோம். தோப்பு பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் முந்திரிக்கு உணவெடுக்கும் சல்லிவேர்கள் மேல் மண்ணில்தான் பரவியிருக்கின்றன. ரொட்டவேட்டர் அவற்றை அறுத்துக்கொண்டே போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் பொடிந்த செம்மண் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். இப்போது புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து மக்குகிறது. சித்திரை வெயிலிலும் மரத்தடியில் அந்த மூடாக்கை விலக்கிக் கையை வைத்தால் மண் குளுகுளுவென்று இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வேலை மிச்சமாகும் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அறுவடையில். முந்திரிக்கொட்டையை நாங்கள் பறிப்பதில்லை, பழுத்து உதிர்ந்ததைப் பொறுக்குகிறோம். முன்பு முழங்கால் உயரப் புல்லுக்குள் குச்சியால் தட்டித் தட்டி, பாம்பு கிடக்குமோ என்று பயந்துகொண்டே பொறுக்க வேண்டும். எத்தனை கொட்டை புல்லுக்குள்ளேயே கிடந்து முளைத்துப் போகும். மாசியில் ஒரு தடவை டெக் விட்டுவிட்டால் தரை பாய் விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. எழுபது வயது தாண்டிய அம்மா காலையில் கூடையோடு தனியாகப் போய் வருகிறார். அதற்காகவே இந்த டெக்கைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம் என்று போன வருடம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு. எஞ்சினை பி.டி.ஓ. (டெக்கைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் குறிக்கு ஏற்றிவிட்டுத்தான் புல்லுக்குள் இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதற்குக் கீழே ஓட்டினால் புல் வெட்டுப்படாமல் படுத்துவிடும், பெல்ட்தான் தேயும். முந்திரிக் கிளை தாழ்வாகப் படர்வதால் முன்பக்கமாக மரத்தடிக்குப் போனால் சைலன்சரில் இடிக்கிறது. நான் பி.டி.ஓ.வை நிறுத்தி, டெக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ரிவர்ஸில் உள்ளே போவேன். பிறகு இறக்கி, வெட்டிக்கொண்டே வெளியே வருவேன். ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரமும் மூன்று லிட்டர் டீசலும் ஆகிறது. முதல் வருடம் புல்லுக்குள் மறைந்திருந்த பலா அடிக்கட்டையில் ஒரு பிளேடு வளைந்தது. அது என் கவனக்குறைவு, டெக்கைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி அந்த நடு ஸ்பிண்டில்.

பிளேடு சுழலும் தண்டுகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ஒரு பேரிங், நடுவில் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் உள்ளே செலுத்தும் முனை. பத்து மணி நேரம் ஓடினால் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. பக்கத்து இரண்டுக்கும் கவரில் ஓட்டை இருக்கிறது, கிரீஸ் கன்னை நுழைத்து இரண்டு அழுத்து அழுத்தினால் முடிந்தது. நடுவில் இருப்பதற்கு ஓட்டை கிடையாது, மேலே கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் கவரையே கழற்ற வேண்டும். நான்கு போல்ட், 13 நம்பர் ஸ்பேனர். மூன்று போல்ட் சுலபமாக வந்துவிடும். நான்காவது கியர்பாக்ஸுக்கு அடியில். ஸ்பேனர் ஒரு தடவைக்குக் கால் சுற்றுகூடத் திரும்பாது. எடுத்து, மறுபடி வைத்து, எடுத்து, மறுபடி வைத்து அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் கால் மணி நேரம். கைமுட்டியில் தோல் உரியாமல் ஒரு நாளும் நான் அதைக் கழற்றியதில்லை.

டெக் ஓடியது இதுவரை 230 மணி நேரம் என்று என் நோட்டுக் கணக்கு சொல்கிறது. அப்படியென்றால் இருபது தடவைக்கு மேல் அந்தக் கவரைக் கழற்றியிருக்கிறேன். ஒரு தடவையும் தவறவிடவில்லை. அப்படியிருந்தும் போன வாரம் கீச்சென்று சத்தம் வந்தது, பெல்ட் கருகும் வாசம் வந்தது. போனது நடு ஸ்பிண்டில்தான். விற்ற கடையில் கேட்டால் ஸ்பிண்டிலை முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும், வெளியூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பூவெல்லாம் பிஞ்சாகி நிற்கிற நேரத்தில் பத்து நாள்!

லேத்காரர் பிரித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நான்கு வருட கிரீஸ் மெழுகு போலக் கெட்டியாக அடைத்துக் கிடந்தது. பேரிங்குக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை, குண்டுகள் துருப்பிடித்திருந்தன. காரணம் எளிது. கம்பெனியில் போட்டு அனுப்பியது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த, 6205 என்ற நம்பர் பேரிங். உள்பக்க சீல் இருக்கும்வரை நிப்பிள் வழியாக எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் குண்டைத் தொடாது. சீல் வைத்த பேரிங்தான் போடுவோம் என்றால் நிப்பிள் எதற்கு? நிப்பிள் வைத்தால் உள்பக்க சீலை எடுத்துவிட்டுப் பேரிங்கை ஏற்ற வேண்டாமா? பேரிங் போனதுகூட எனக்குப் பெரிதில்லை, தேய்கிற சாமான் தேயத்தான் செய்யும். புத்தகத்தை நம்பி நான்கு வருடம் செய்த வேலை அத்தனையும் பேரிங்கை எட்டவே இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் புதுப் பேரிங்குகளின் உள்பக்க சீலைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, தூசி போகாமல் இருக்க வெளிப்பக்க சீலை மட்டும் விட்டு ஏற்றினார். கவரில் கியர்பாக்ஸ் ஓரமாக ஒரு ஓட்டை போட்டு, நிப்பிளுக்கு வளைந்த முனையும் வைத்துக் கொடுத்தார். ஒரு மத்தியான வேலை. பேரிங் இரண்டும் சேர்த்து 600 ரூபாய்க்குள்தான். பக்கத்து ஸ்பிண்டில் இரண்டிலும் அதே பேரிங்தான் இருக்கும், பருவம் முடிந்ததும் அவற்றையும் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டெக் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. நேற்று நான்கு ஏக்கரும் வெட்டி முடித்துவிட்டேன், தோப்பு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. மேலே சொன்ன நல்லது எதையும் நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் மாப்ள, நீ கேட்டதற்கு என் பதில் அதேதான்: இந்த டெக்கை வாங்காதே. கடையில் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லு. எந்த பேரிங் போட்டிருக்கிறது, கிரீஸ் எந்த வழியாகப் போகிறது என்று விளக்கத் தெரிந்தவன் விற்கும் டெக் கிடைத்தால் அன்றே வாங்கு.

அதுவரை உன் தோப்புக்கு என்னுடையது போதும். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். ஒரு மணி நேரம் ஓட்டியதும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, நடு ஸ்பிண்டிலைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். பி.டி.ஓ. ஷாஃப்ட் பக்கம் லுங்கியோடு போகாதே. மாசி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடு, பங்குனியில் கொட்டை விழ ஆரம்பித்துவிடும்.