‘20டி ஜெல்’ சைக்கிள் ஷார்ட்ஸ்: பணம் செலுத்தும் முன் ஓர் எச்சரிக்கை

இணையத்தில், உட்காரும் இடத்தில் பேட் (மெத்தை) வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘நீண்ட தூரப் பயணத்துக்கு ஏற்றது, 20டி ஜெல் பேட், அடர்த்தி 120, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்திருந்த ஓர் இணைய விற்பனையாளரிடம் நான் ஒரு ஷார்ட்ஸ் வாங்கினேன். ஜெல் என்று சொன்ன இடத்தில் ஜெல் இல்லை. ஃபோமின் அடர்த்தி சொன்னதில் பாதிகூட இல்லை. திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. போன பணத்தை விடவும், தொடையிடுக்கில் வந்த புண்ணும், அது ஆறும் வரை சைக்கிளில் ஏற முடியாமல் போனதும்தான் என்னை இதை எழுத வைக்கின்றன. புதிதாக ஓட்டத் தொடங்கும் ஒருவர் இதே பொருளை வாங்கி, அது தரும் வலியைப் பார்த்துவிட்டு, சைக்கிளே தமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

முதலில் அந்த ‘டி’ கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டைத் தட்டையான துண்டாக வெட்டி வைக்காமல், உடலின் வளைவுக்கு ஏற்ப மேடு பள்ளங்களோடு அச்சில் வார்த்துச் செய்வதை, முப்பரிமாணம் என்ற பொருளில் 3டி என்று சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அதைத் தாண்டி 5டி, 9டி, 20டி என்று ஏறிக்கொண்டே போகும் எண்களுக்கு எந்த அடிப்படையும் இல்லை. அவை தடிமனையோ, அடர்த்தியையோ, அடுக்குகளின் எண்ணிக்கையையோ குறிப்பதில்லை. தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவுகோல் எதுவும் அவற்றின் பின்னால் கிடையாது. 20டி என்றால் என்னவென்று விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன். ‘மிக உயர்ந்த தரம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பதிலாக வரவில்லை.

இந்த ஏமாற்று வேலை எப்படி உடலைப் பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பேட் எதற்காக இருக்கிறது என்பதை அறிந்திருப்பது அவசியம். நாம் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அவற்றுக்கிடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். பெண்களுக்குச் சராசரியாக இது சற்று அகலம். சைக்கிள் சீட்டில் எடை இந்த இரு முனைகளின் மீதுதான் இறங்க வேண்டும். அவற்றுக்கு நடுவில் உள்ள மென்மையான பகுதியில் முக்கியமான நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடுவதால், அங்கே அழுத்தம் விழக் கூடாது. ஆகவே நல்ல பேட் என்பது எலும்பின் கீழ் உறுதியாக நின்று தாங்குவதும், நடுவில் அழுத்தத்தைக் குறைப்பதும் ஆகும். மெத்தென்று இருப்பது அதன் முதல் வேலையே அல்ல.

அடர்த்தி குறைந்த தடித்த ஃபோம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. எடை விழுந்ததும் எலும்புகளின் கீழ் இருக்கும் ஃபோம் காகிதம் போல நசுங்கிவிட, எலும்பு ஏறக்குறைய சீட்டிலேயே போய் உட்கார்ந்துவிடும். எடை விழாத நடுப்பகுதியிலோ ஃபோம் நசுங்காமல் மேடாக நின்று, எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்தையே அழுத்தும். விரலால் அமுக்கிப் பார்க்கும்போது மிக மென்மையாகத் தெரியும் பேட் இரண்டு மணி நேரத்தில் மரத்துப்போகச் செய்வதற்கும், கையில் எடுத்தால் சற்றுக் கெட்டியாகத் தோன்றும் மெல்லிய பேட் நாள் முழுவதும் தாங்குவதற்கும் இதுவே காரணம். விற்பனையாளர்கள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். அதனால்தான் விளம்பரக் காணொளிகளில் யாராவது ஒருவர் பேட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அது எழும்பி வருவதைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.

நான் வாங்கிய ஷார்ட்ஸும் முதல் அரை மணி நேரம் சுகமாகவே இருந்தது. அதற்குப் பிறகு அடியில் மரத்துப்போகத் தொடங்கியது. எழுந்து நின்று மிதித்தால் உணர்வு திரும்பி வரும், உட்கார்ந்தால் மறுபடியும் போய்விடும். வியர்வை வெளியேற வழியில்லாமல் பேட் ஈரம் கட்டிக்கொண்டது. இதைவிடக் கொடுமையானது அதன் தையல். பேட்டை ஒரே துண்டாக வார்க்காமல் இரண்டு பாதிகளாகச் செய்து, சரியாக நடுவில் நெடுக்குவாட்டில் தைத்து இணைத்திருந்தார்கள். விளம்பரப் படங்களில் அந்த நடுப்பகுதி தெளிவாகக் காட்டப்படவே இல்லை. ஒரு மணி நேரத்தில் கால்கள் பல ஆயிரம் முறை மிதிக்கின்றன. ஒவ்வொரு மிதியிலும் ஈரமான தோலின் மீது அந்தத் தையல் உரசியது. வீட்டுக்கு வந்தபோது தோல் உரிந்திருந்தது, மறுநாள் அதே இடத்தில் கட்டி வந்தது.

புண் ஆறிக்கொண்டிருந்தபோது பேட்டை வெட்டிப் பார்த்தேன். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பேட் தயாரிப்பவர்கள் ஃபோமின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் சொல்வார்கள். குறைந்த நேரம் ஓட்டுவதற்கானவை பொதுவாக 40 முதல் 60 வரையிலும், பல மணி நேரம் ஓட்டுவதற்கானவை 80 முதல் 120 வரையிலும், சில அதற்கு மேலும் இருக்கும். மேலே உள்ள துணியை உரித்துவிட்டு, 5 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 1 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஃபோம் துண்டை வெட்டினால், அதன் கன அளவு 25 கன சென்டிமீட்டர். அடர்த்தி உண்மையிலேயே 120 என்றால் அந்தத் துண்டு 3 கிராம் இருக்க வேண்டும். 40 என்றால் 1 கிராம்தான் இருக்கும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசில் என் துண்டு ஒரு கிராமைச் சற்றே தாண்டியது. எலும்பு பதியும் இடத்தில் இருந்தும், ஓரத்தில் இருந்தும் வெட்டிய துண்டுகளுக்கு இடையே எந்த வேறுபாடும் இல்லை. அதாவது, எல்லா இடத்திலும் ஒரே ஃபோம். வெவ்வேறு அடர்த்தி அடுக்குகள் என்று விளம்பரத்தில் வரைந்து காட்டியிருந்தது வெறும் படம்.

ஜெல் என்று அவர்கள் சொன்னது, துணியின் மேல் நீல நிறத்தில் அச்சிடப்பட்ட தேன்கூட்டு வடிவம். அடியில் பிசுபிசுப்பாகவோ கனமாகவோ எதுவும் இல்லை. உண்மையான ஜெல் வைத்திருந்தாலும் அது தானாகவே உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஜெல் ஃபோமை விட எடை கூடியது, காற்றை விடாது, வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதிர்வைக் குறைக்க எலும்பின் கீழ் மட்டும் சிறிதளவு வைக்கப்பட்டால் சிலருக்கு ஒத்துப்போகிறது. ஜெல் என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில், நான் தவறான அளவைத் தேர்ந்தெடுத்ததாக எழுதினார்கள். அவர்களுடைய அட்டவணையின்படி எடுத்த அளவுதான் என்பதைப் படத்தோடு காட்டியதும், இது உள்ளாடை வகையைச் சேர்ந்தது, அணிந்துவிட்டால் சுகாதாரக் காரணத்தால் திரும்பப் பெற முடியாது என்று காரணத்தை மாற்றினார்கள். உடலோடு ஒட்டி அணியும் துணியை இன்னொருவர் போட்டுப் பார்த்த பிறகு வேறு ஒருவருக்கு விற்கக் கூடாது என்ற விதி நல்ல விதி. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதும், சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல. தராசுப் படத்தையும், நடுத் தையலின் படத்தையும் அனுப்பிய பிறகு அவர்கள் வாதிடுவதை நிறுத்திவிட்டு, நான் எழுதியிருந்த ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை நீக்கி ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் பாதிப் பணத்தைத் தருவதாகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் குவிந்திருக்கும் ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை இப்படிப் பெறப்பட்டவை என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

விமர்சனங்களை மீண்டும் நிதானமாகப் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. பாராட்டியவர்களில் பலர் துணி அழகாக இருக்கிறது, பேட் மென்மையாக இருக்கிறது, சீக்கிரம் வந்து சேர்ந்தது என்றே எழுதியிருந்தார்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். சில படங்களில் இருந்தது வேறு ஷார்ட்ஸ், ஏன், ஒரு படத்தில் இருந்தது கையுறை. பழைய பொருள் ஒன்றின் பக்கத்தைப் புதிய பொருளுக்கு மாற்றி, பழைய நட்சத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கம் இது. நீண்ட நேரம் ஓட்டியதையும், பல முறை துவைத்த பிறகான நிலையையும் பற்றிப் பேசும் விமர்சனங்களை மட்டும் படியுங்கள். மற்றவை எத்தனை ஆயிரம் இருந்தாலும் பயனில்லை.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது, பேட்டின் தோல் படும் பக்கத்தின் தெளிவான படம். அதை அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பேட் ஒரே துண்டாக இருக்க வேண்டும், நடுவில் தையல் இருக்கக் கூடாது, ஓரங்கள் படிப்படியாக மெலிந்து துணியோடு கலந்துவிட வேண்டும். அடர்த்தி எவ்வளவு, எலும்பின் கீழ் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். எண்ணும் அலகும் சேர்ந்து வரும் பதிலுக்குத்தான் மதிப்பு. நீங்கள் உட்காரும் விதமும் முக்கியம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு எடை பின்பக்கம் விழுவதால் பேட் பின்னால் அகலமாக இருக்க வேண்டும்; வளைந்த கைப்பிடியைக் குனிந்து பிடித்து ஓட்டுபவருக்கு எடை முன்னால் நகர்வதால் பேட்டும் முன்பக்கம் நீள வேண்டும். ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே பேட் என்று விற்பவற்றைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் எலும்புகளின் இடைவெளியும் மென்மையான பகுதியின் அமைப்பும் வேறு. தோள்பட்டி வைத்த பிப் ஷார்ட்ஸ் கிடைத்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். வயிற்றை இறுக்கும் எலாஸ்டிக் இல்லை, பேட்டும் இடம் நகராது. கழிப்பறைக்குப் போகும்போது தோள்பட்டியையும் கழற்ற வேண்டியிருப்பது மட்டுமே அதன் சிரமம்.

அளவைப் பொறுத்தவரை, நின்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. சைக்கிள் ஷார்ட்ஸ் குனிந்த உடலுக்காக வெட்டப்படுவதால், நிற்கும்போது முன்பக்கம் சற்றுச் சுருக்கம் விழுவது இயல்பு. வந்தவுடன், துணியில் தொங்கும் அட்டையை அறுக்காமல், உங்கள் சொந்த உள்ளாடையின் மேல் அணிந்து, வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைத்த சைக்கிளில் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து பாருங்கள். பேட் உடலோடு ஒட்டி நிற்க வேண்டும், விரலால் பிடித்து இழுத்தால் தொங்கக் கூடாது. தளர்ந்த பேட் தோலில் உராயும். தொடையில் இருக்கும் சிலிகோன் பட்டை பிடிக்க வேண்டும், வெட்டக் கூடாது. துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது என்றால் அது வெகுநாள் உழைக்காது. பொட்டலத்தைப் பிரிப்பதிலிருந்தே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஓட்டும்போது மட்டும் உள்ளாடை அணியக் கூடாது. இடையில் இன்னொரு துணியும் தையலும் வந்தால் பேட்டினால் பயனே இல்லை.

நல்ல ஷார்ட்ஸ் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவது எளிது. ஓட்டி முடித்தவுடன் கழற்றிவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும், உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். சூடான நீரும் குளோரின் கலந்த ப்ளீச்சும் துணிக்கு இழுபடும் தன்மை தரும் எலாஸ்டேன் இழையைக் கெடுத்துவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளின் மேல் படிந்து வியர்வை வெளியேறுவதைத் தடுக்கும்.

என்னைப் போலவே யாருக்கேனும் புண் வந்திருந்தால், அது ஆறும் வரை ஓட்டாமல் இருப்பதுதான் மருந்து. அந்த இடத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருங்கள், கட்டியைக் கிள்ளாதீர்கள். சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மரத்துப்போன உணர்வு சைக்கிளிலிருந்து இறங்கிய பிறகும் நீடித்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

நான் வாங்கிய அந்த விற்பனைப் பக்கம் இப்போது நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே படங்கள் வேறு பெயரில் மறுபடியும் வந்துவிட்டன. கருப்புத் துணி, பேட்டின் மேல் நீல நிறத் தேன்கூட்டு அச்சு, தொடை அளவோ பிட்டத்தின் சுற்றளவோ இல்லாமல் இடுப்பளவை மட்டும் தரும் அட்டவணை, பேட்டின் நடுப்பகுதியைத் தெளிவாகக் காட்டாத படங்கள் ஆகியவை ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தால் அது இதே பொருளாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஓட்டிப் பார்க்காமல், நடுத் தையல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால், அட்டையை அறுக்காமல் படம் எடுத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் அல்ல’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள். ‘அளவு பொருந்தவில்லை’ என்று எழுதிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு உங்கள் மீது பழியைப் போட்டுவிடுவார்கள்.