அல்சூர் சனிக்கிழமை வகுப்பு: நான் சொன்னால் ஏறாதது அண்ணன் சொன்னால் ஏறுகிறது

என் பையனுக்கு 16 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. பெங்களூரு அல்சூர் பக்கம் சனிக்கிழமைதோறும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்கு மூன்று மாதமாக அனுப்புகிறோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

இங்கே டீச்சர்கள் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க, ஏற்கெனவே கற்றுத் தேறிய பிள்ளைகள்தான் அடுத்தவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர்களுக்கும் இதே குறைபாடுதான். இதென்ன கூத்து என்று முதல் நாள் நினைத்தேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காலி சிலிண்டரை வைத்து கேஸ் பாடம். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடு, ஜன்னல் கதவைத் திற, வெளியே போய்ப் பெரியவர்களைக் கூப்பிடு. நான் வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பேன், தலையாட்டுவான், அவ்வளவுதான். அங்கே ஒரு பெரிய பையன் பேசாமல் செய்து காட்டினான், அப்புறம் இவனைச் செய்யவிட்டான், இவன் பழக்கதோஷத்தில் லைட் சுவிட்சுக்குப் போனதும் "டேய், தொடாதேடா, பொறி பறக்கும்" என்று கையைப் பிடித்து மறுபடி முதலிலிருந்து. ஒன்பது தடவை. அவனுக்குச் சலிக்கவில்லை, எனக்குத்தான் மூன்றாவதிலேயே கொட்டாவி. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும், ஜன்னலோடு கதவையும் திறக்கணும் என்று எனக்கே அங்கேதான் தெரிந்தது.

போன வாரம் மாமியார் வைத்த பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. இவன் ரெகுலேட்டரை மூடினான், கதவைத் திறந்தான், எதிர்வீட்டு அங்கிளைக் கூப்பிட்டான். பாட்டியை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டான். அது பாடத்தில் இல்லையாம்.

இப்போது குறை. ரோடு கடக்கும் பாடம் ஹாலுக்குள், தரையில் வெள்ளை டேப் ஒட்டி. வலது பார், இடது பார், மறுபடி வலது பார், நூற்றுக்கு நூறு வாங்குகிறான். ஆனால் இந்த ஊரில் ஒன்-வேயில் எதிரே பைக் வரும், ஃபுட்பாத்திலும் ஏறி வரும். ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்துக்குத் தானாகக் கொண்டுபோவது இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம், நிஜ ரோட்டிலேயே பழக்குங்கள் என்று கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். அதற்கு ஒரு ஸ்டார் குறைத்து நான்கு.

பாடம் கன்னடத்தில், சண்டை தமிழில், அதனால் மொழி பிரச்சினை இல்லை.

அடுத்த மாதம் புதிதாக வரும் பெண்ணுக்கு இவன் சொல்லித்தரப் போகிறான். பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு தினமும் என்னிடம் ஒத்திகை. நேற்று என் கை சுவிட்ச் பக்கம் போனதற்கு ஒரு அடி விழுந்தது.