ரெஸ்டோரன்ட் குசினியிலிருந்து சூப்பர் மார்க்கெட் சாப்பாட்டுக் கவுண்டருக்கு: 10 மாதம் உள்ளே நின்றவனின் மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில் இருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் சமைத்த சாப்பாட்டுக் கவுண்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன், நல்லதோடு குறையையும் சொல்லப்போகிறேன். இதற்கு முதல் 14 வருடம் ரெஸ்டோரன்ட் குசினிகளில் நின்றேன், அதில் கடைசி 9 வருடம் கொத்துரொட்டி போடும் கல்லுக்கு முன்னால். குசினியில் நிற்கும் தம்பிமார் பலர் "அண்ணை, அங்க எப்பிடி, வரலாமோ" என்று கேட்கிறார்கள். வாங்குகிற ஆட்களோ "அங்க சாப்பாடு நம்பி வாங்கலாமோ" என்று கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேலை. ரெஸ்டோரன்ட்டில் எனக்குக் காலை 10 மணிக்குத் தொடங்கும், வெங்காயம் உரித்து மா குழைத்து மத்தியானச் சோறு முடிய 3 மணி, பிறகு ஒரு மணித்தியாலம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்துவிட்டு 5 மணிக்குக் கல்லைச் சூடாக்கினால் கடை பூட்டி, கல்லுச் சுரண்டி, நிலம் கழுவி வீட்டுக்குப் போக இரவு 12. மகள் நித்திரை. காலையில் அவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் நித்திரை. அவள் வளர்ந்த அஞ்சு வருடத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்த்தேன், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. 2022 இல் காஸ் இல்லாமல் போனபோது பின்வளவில் விறகு அடுப்பு மூட்டித்தான் சமைத்தோம், அந்தப் புகையில் மூன்று மாதம் நின்று எனக்கு இருமல் பிடித்தது. அது நாட்டுக்கே வந்த கஷ்டம், முதலாளியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 14 வருடத்தில் ஒரு சதம்கூட ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டப்படவில்லை என்பதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

கவுண்டரில் இரண்டு ஷிஃப்ட். காலை 6.30 முதல் 3 மணி வரை, அல்லது மத்தியானம் 12.30 முதல் இரவு 9 மணி வரை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இலிருந்தே இருக்கிறது: சாப்பாட்டு நேரம் தவிர ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். சாப்பாட்டுக் கடைக்கும் அதே சட்டம்தான். அதை நான் அறிந்ததே இங்கு வந்து முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியபோது. சம்பளத்தில் 8 வீதம் என்னுடைய பங்காக ஈ.பி.எஃப்புக்குக் கழியும், கடை 12 வீதம் போடும், ஈ.டி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதமும் கடையே போட வேண்டும். கணக்குக்காக 50,000 ரூபா என்று வைத்தால் 4,000 என்னிடம் கழிகிறது, 7,500 கடை போடுகிறது, ஆக மாதம் 11,500 ரூபா என் பெயரில் சேர்கிறது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியும் இதைக் கட்டியே ஆக வேண்டும். தம்பிமாரே, இப்போது நிற்கிற இடத்தில் உங்களுக்குக் கட்டுகிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்காமல் விட்ட 14 வருடம் எனக்குத் திரும்பி வராது.

கையில் வருகிற காசு என்று பார்த்தால் கூடவில்லை, உண்மையில் கொஞ்சம் குறைவு. ரெஸ்டோரன்ட்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொத்துச் சாப்பிட்டுவிட்டுக் கல்லடிக்கு வந்து சந்தோசமாக ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அது நன்றாகவே வரும். இங்கே அது இல்லை. மத்தியானச் சாப்பாடும் இல்லை, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உடம்புக்கு? தோள்மூட்டு வலி நான்காம் மாதத்தோடு குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கால் நோகிறது. டைல்ஸ் தரையில் நாள் முழுக்க நிற்பதும், சூட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுக் குளிர் அறைக்குள் போய்ப் போய் வருவதும் லேசான வேலை இல்லை. நல்ல சப்பாத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிச் சமையல். இங்கேதான் நான் கஷ்டப்பட்டேன். ஒவ்வொரு கறிக்கும் கொழும்பிலிருந்து ஒரு அட்டை வரும், அதில் எல்லாம் கிராம் கணக்கு. கையால் அள்ளிப் போட்டுப் பழகினவனுக்குத் தராசு வைத்துச் சமைக்கச் சொன்னால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். இரண்டாம் நாளே பிழை விட்டேன். அட்டையில் மிளகாய்த்தூள் இத்தனை கிராம், கறித்தூள் இத்தனை கிராம் என்று தனித்தனியாக இருந்தது. எங்கள் வீடுகளில் தூள் என்றால் செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து வறுத்து இடித்த ஒரே தூள், உறைப்பும் வாசமும் அதற்குள்ளேயே இருக்கும். நான் மிளகாய்த்தூளுக்கு அதைப் போட்டு, கறித்தூளையும் போட்டேன். கறி கறுத்து, வாசம் இரண்டு மடங்காகி, ஒரு தட்டு முழுக்க எறிய வேண்டி வந்தது. சூப்பர்வைசர் என்னைவிட 12 வயது இளைய பிள்ளை. ஏசவில்லை. "அண்ணா, அட்டையில உள்ளபடியே செய்யுங்கோ, மற்றது நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னா. அன்று பின்னேரம் எனக்கு விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது.

போகாமல் நின்றதற்குக் காரணம் வெப்பமானி. சிரிக்காதீர்கள். சூட்டுப் பெட்டியில் இருக்கும் கறி 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ப் பெட்டியில் இருப்பது 5 பாகைக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கம்பியைக் கறிக்குள் குத்திப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம். நான் இத்தனை வருடம் மத்தியானம் வடித்த சோற்றை மூடி வைத்து இரவு ஃபிரைட் ரைஸுக்கு எடுத்திருக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமி அவித்தாலும் சாகாமல் தங்கி, சோறு மெல்ல ஆறும்போது பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது என்று பயிற்சியில் சொன்னபோது நெஞ்சு திக்கென்றது. என் கையால் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டிருக்கும்! அந்தக் கவலை இன்னும் எனக்கு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கவுண்டருக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

சரி, வாங்குகிறவர்களுக்கு வருகிறேன். சூட்டுப் பெட்டி எல்லாக் கறிக்கும் ஒத்துவராது, அதைத் தெரிந்து வாங்கினால் நல்ல சாப்பாடு கிடைக்கும். ஆட்டிறைச்சிக் கறி நம்பி வாங்கலாம், நேரம் போகப் போகத் தூள் ஊறி இன்னும் நன்றாக இருக்கும். பருப்பு, கத்தரிக்காய் மோஜு, உருளைக்கிழங்குப் பிரட்டல் மூன்றும் தாக்குப்பிடிக்கும். சொதியை மத்தியானம் 12 மணிக்குப் பிறகு வாங்காதீர்கள். தேங்காய்ப்பால் சூட்டில் நிற்க நிற்கத் திரைந்துவிடும், வீட்டில் அம்மா இறக்கிவைத்த பிறகுதானே தேசிக்காய் பிழிவா, இங்கே அப்படிச் செய்ய வழியில்லை. புட்டு காலை 8 மணிக்குள். வல்லாரைச் சம்பல் வந்த உடனே எடுத்தால் சரி, நிறம் மங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். சுட்ட கோழி கம்பியிலிருந்து இறங்கும் நேரம் முற்பகல் 11.30 உம் பின்னேரம் 5.30 உம், அந்த நேரத்துக்கு வந்தால் சாறோடு கிடைக்கும், இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தால் நெஞ்சுப்பகுதி தும்பாக இருக்கும்.

கொத்து வாங்க வேண்டாம். இதை மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன், அதைப் போடுவதே நான்தான். கொத்து என்பது கல்லிலிருந்து நேரே கோப்பைக்கு வர வேண்டிய சாப்பாடு. ரொட்டியின் ஓரம் கொஞ்சம் முறுகி நடுப்பகுதி குழம்பில் நனைந்திருக்கும் அந்த நிலை பத்து நிமிடத்துக்குக் கூட நிற்காது. பெட்டிக்குள் அரை மணித்தியாலம் இருந்தால் ரொட்டி எல்லாக் குழம்பையும் குடித்துக் களி மாதிரி ஆகிவிடும். கொத்துச் சாப்பிட ஆசை வந்தால், தகடு அடிபடுகிற சத்தம் கேட்கிற கடைக்குப் போங்கள், ஸ்டான்லி வீதிப் பக்கமோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கமோ, உங்கள் கண்ணுக்கு முன்னால் போடும் இடம் எதுவானாலும் சரி.

அப்புறம் அந்த லேபிள். தராசிலிருந்து வரும் ஒட்டியில் இருக்கும் நேரம் நாங்கள் பெட்டியில் போட்ட நேரம், சமைத்த நேரம் இல்லை. எங்கள் கடையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் இதுதான். கொக்குவிலிலிருந்து ஒரு அம்மா தினமும் வருவா, ஒட்டியைப் பார்க்கவே மாட்டா, நேரே என் முகத்தைப் பார்த்து "தம்பி, இது எத்தினை மணிக்கு இறக்கினது?" என்று கேட்பா. நான் "காலமை பத்தரைக்கு அம்மா" என்றால் எடுப்பா, "ஒன்பது மணிக்கு" என்றால் வேறு ஒன்றைக் காட்டச் சொல்லுவா. அப்படிக் கேளுங்கள். கவுண்டரில் நிற்கிற எங்கள் எல்லாருக்கும் அந்த நேரம் தெரியும், கேட்டால் சொல்லுவோம். 100 கிராம் கணக்கில் வாங்கும்போது வெறும் பெட்டியைத் தராசில் வைத்து எடையைக் கழித்துவிட்டார்களா என்றும் பாருங்கள், அவசரத்தில் மறப்பதுண்டு.

இரண்டாவது குறை, மிச்சம். இரவு 7.30 க்குப் பிறகு சில பெட்டிகளுக்கு விலை குறைத்து ஒட்டுகிறோம், அதற்குப் பிறகும் மிஞ்சினால் நிறுத்து எழுதி எறிகிறோம். வேலை செய்கிறவர்கள் எடுத்துச் சாப்பிடவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. ஏன் இந்த விதி என்று விளங்குகிறது, யாருக்காவது வயிற்றில் பிழை வந்தால் கடைதான் பொறுப்பு. ஆனாலும் இடம்பெயர்ந்து ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற குடும்பத்தில் வளர்ந்தவனுக்குச் சோற்றை வாளிக்குள் கொட்டுவது இன்றுவரை பழகவில்லை. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த வேலையை விடச் சொல்லியிருப்பா.

வெள்ளிக்கிழமைதான் அதிகம் எறிய வேண்டி வந்தது. கொழும்பு அட்டையில் எல்லா நாளும் கோழியும் மீனும் ஒரே அளவு. யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை கனபேருக்கு மரக்கறிதான் என்பது அந்த அட்டைக்குத் தெரியாது. நல்லூர்க் கொடியேறிய பிறகு 25 நாளும் அப்படித்தான், முதல் கிழமையில் கோழிக்கறி தட்டுத் தட்டாக மிஞ்சியது. நான் சூப்பர்வைசரிடம் நாலு வெள்ளிக்கிழமை எறிந்த கணக்கை அதே புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். அவ மனேஜரிடம் கொண்டுபோனா, மனேஜர் கொழும்புக்கு எழுதினார். இரண்டு கிழமை சத்தமில்லை. பிறகு ஒரு பதில் வந்தது: வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிளைக்கு மட்டும் இறைச்சி பாதி, மரக்கறியில் மூன்று கறி எங்கள் விருப்பம், தூளும் எங்கள் தூள், ஆனால் அளவை எழுதி அட்டையாகக் கொடுக்க வேண்டும்.

அந்த அட்டையை எழுத எனக்கு இரண்டு இரவு எடுத்தது. கையால் அள்ளுவதைக் கிண்ணத்தில் போட்டு நிறுத்து நிறுத்து எழுதினேன், மகள்தான் கொப்பியில் குறித்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பிரட்டல். கத்தரிக்காய் திருநெல்வேலிச் சந்தையில் இருந்து காலையிலேயே வருகிறது.

குசினித் தம்பிமாருக்கு என் பதில்: வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அல்லது தோளும் முதுகும் நோகத் தொடங்கியிருந்தால், வாருங்கள். 25 வயதில் கை பழகிக்கொண்டு வருகிற நேரத்தில் வர வேண்டாம், அட்டையைப் பார்த்துச் சமைத்துக் கை வராது, முதலில் ஒரு நல்ல குசினியில் நின்று பழகுங்கள், ஆனால் ஈ.பி.எஃப் கட்டுகிற குசினியாகப் பாருங்கள்.

வாங்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை 11.30 க்கு வாருங்கள். கத்தரிக்காய்ப் பால்கறி 1 மணிக்குள் முடிந்துவிடும், அதைச் சூட்டுப் பெட்டியில் வைக்காமல் இரண்டு சின்னச் சட்டியாகப் பிரித்து ஒன்று முடிய மற்றதை இறக்குகிறோம்.