128 ஜிபி மெமரி கார்டு: போனின் சொந்த ஸ்டோரேஜாகவே மாற்றிப் பார்த்ததில்

கார்டுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். அதை இன்டர்னல் ஸ்டோரேஜாக, அதாவது போனின் உள் சேமிப்பிடத்தின் ஒரு பகுதியாகவே மாற்றி ஓட்டும் வசதிக்கு மூன்றுதான். அதுவும் எல்லோருக்கும் இல்லை, அப்பாவின் போன் மாதிரி போன் வைத்திருப்பவர்களுக்கு.

அது 32 ஜிபி போன், ஆண்ட்ராய்டு 9. பெரும்பகுதியை சிஸ்டமும் ஆப்களும் பிடித்துக்கொள்ள, மீதியை வாட்ஸ்அப் குரூப் வீடியோக்கள் நிரப்பிவிட்டன. 'ஸ்டோரேஜ் இல்லை' என்ற எச்சரிக்கை நீங்கவே இல்லை, எந்த ஆப்பும் அப்டேட் ஆகவில்லை. கைக்குப் பழகிய போனை மாற்ற அப்பாவுக்கு இஷ்டமில்லை. சரி, கார்டு போட்டுப் பார்க்கலாம் என்று 128 ஜிபி மைக்ரோ எஸ்டி ஒன்றை வாங்கினேன்.

வாங்கும்போது நான் பார்த்தது அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்த '100 எம்பி' வேகத்தை அல்ல, கார்டின் மேல் இருந்த 'ஏ1' என்ற சின்ன முத்திரையை. அந்த 100 எம்பி என்பது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது வினாடிக்குக் கிடைக்கும் வேகம். ஆப்கள் அப்படிப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கும். ஏ1 கார்டு வினாடிக்குக் குறைந்தது 1500 முறை அப்படிப் படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும் என்பது விதி. வெறும் 'கிளாஸ் 10' கார்டு தரும் உறுதி, தொடர்ந்து எழுதும்போது வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி வேகம் இருக்கும் என்பது மட்டும்தான். ஏ2-வில் 4000, 2000 என்று எண்கள் இன்னும் பெரிது. ஆனால் அந்த வேகம் கிடைக்க போனும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய போனுக்காக ஏ2 தேடி அலைய வேண்டாம்.

போனில் போடும் முன் கம்ப்யூட்டரில் செருகி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்தேன். போலி கார்டுகள் கொள்ளளவைக் கூட்டிக் காட்டும். உள்ளே உண்மையில் இருக்கும் இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும். இந்தச் சோதனை தெரியாமல் போட்டோக்களை இழந்தவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். விண்டோஸ் 119 ஜிபி என்று காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம்.

இன்டர்னலாக ஃபார்மட் செய்யும் வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. பல நிறுவனங்கள் தங்கள் போன்களில் அதை எடுத்துவிட்டன. அதனால் கார்டு வாங்கும் முன், கைவசம் இருக்கும் ஏதாவது கார்டைப் போட்டு செட்டிங்ஸில் அந்த ஆப்ஷன் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம் உள்ள போன் என்றால், ஒரு சிம்மை விட வேண்டியிருக்கும்.

ஃபார்மட் செய்ததும் டேட்டாவையும் கார்டுக்கு மாற்றச் சொன்னேன். இதில் கிடைத்த பெரிய நிம்மதி வாட்ஸ்அப்தான். இன்டர்னலாக மாற்றாமல் சாதாரணமாகப் போட்ட கார்டில் அது போட்டோ, வீடியோவைச் சேமிக்காது. இந்த முறையில் எல்லாமே கார்டுக்குப் போய்விட்டது. எச்சரிக்கை நின்றது. ஆனால் கேலரி திறக்க முன்பைவிடத் தாமதமாகிறது. கார்டுக்கு நகர்த்திய ஆப்களும் மந்தமாயின, குறிப்பாக அப்பா தினமும் பார்க்கும் செய்தி ஆப். அதையும் வாட்ஸ்அப் ஆப்பையும் போனுக்கே திருப்பிவிட்டேன். இப்போது படங்களும் வீடியோக்களும் கார்டில், ஆப்கள் போனில். இப்படி வைத்தால் நன்றாகவே ஓடுகிறது.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வேறு. இப்படி மாற்றிய கார்டைப் போன் பூட்டி வைக்கிறது. திறவுகோல் அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். போனின் மதர்போர்டு பழுதாகிவிட்டாலோ, ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, கார்டு முழுசாக இருந்தும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. அதனால் அப்பாவின் படங்களை வாராவாரம் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைக்கிறேன். அதற்கு நேரம் இல்லாதவர்கள் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

என் போனில் இடம் போதுமான அளவு இருக்கிறது. அதில் இதே ரகக் கார்டைச் சாதாரணமாகத்தான் போட்டு, கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை மட்டும் கார்டுக்கு மாற்றியிருக்கிறேன். வீடியோ எடுப்பதில் ஒரு தடங்கலும் இல்லை. போன் கெட்டாலும் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் எல்லாம் வந்துவிடும்.

அப்புறம், இன்டர்னலாக மாற்றிய கார்டைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் டேட்டாவைப் போனுக்கே திருப்பி அனுப்புங்கள். போனில் இடம் போதாது என்றால் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு, அங்கே ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டில் கை வையுங்கள்.