ஆட்டுத் தொடை எலும்பை வைத்து த்ரீடி ஸ்லைசரைச் சோதித்த கதை

எட்டு வருடம் சாலிட்வொர்க்ஸ் என்ற கணினி வரைவு (கேட்) மென்பொருளில் பிராக்கெட்டும் ஃபிளாஞ்சும் வரைந்தவன் நான். இடுப்பு மூட்டின் மீது விழும் சுமை பற்றிய ஆராய்ச்சிக்கு வந்த முதல் வாரமே வழிகாட்டி ஒரு சிடி ஸ்கேனைக் கொடுத்து, "இதிலிருந்து தொடை எலும்பை மட்டும் மாடலாக எடுத்துட்டு வாங்க" என்றார். நோயாளியின் பெயர் விவரம் நீக்கிய ஸ்கேன் அது. மிமிக்ஸ் போல விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு எங்களிடம் காசில்லை. அப்படித்தான், ஸ்கேன் படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் எடுக்கும் த்ரீடி ஸ்லைசர் என்ற மென்பொருளுக்கு வந்து சேர்ந்தேன்.

முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. 1998இல் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையும் எம்ஐடியும் சேர்ந்து செய்த ஒரு முதுகலை ஆய்வில் பிறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்ததுமே, சிகிச்சைக்குப் பயன்படுத்த அல்ல என்று எச்சரிக்கும். அதை நிஜமாகவே மதிக்க வேண்டும்.

கேட் பழகியவனுக்கு முதல் நாள் தலை சுற்றும். ஸ்கெட்ச் கிடையாது, அதை இழுத்துத் திடப்பொருளாக்கும் எக்ஸ்ட்ரூட் கிடையாது. இங்கே நாம் எதையும் வரைவதில்லை. ஏற்கெனவே இருப்பதைப் பிரித்தெடுக்கிறோம். ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு; அந்த இடம் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அது சொல்லும்: காற்று -1000, தண்ணீர் 0, கெட்டி எலும்பு ஆயிரத்துக்கும் மேல். பிரித்தெடுக்கும் பகுதியான செக்மென்ட் எடிட்டரில் த்ரெஷோல்டு (எந்த எண்ணுக்கு மேல் எடுக்க வேண்டும் என்ற வரம்பு) நகர்த்தியை இழுத்தால் எலும்பு மட்டும் நிறம் மாறி நிற்கும். அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

இல்லை. தொடை எலும்பின் தலையும் இடுப்புக் குழியும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவில் உள்ள குருத்தெலும்பு அவ்வளவு மெல்லியது. இரண்டு நாள் அழிப்பான் வைத்துச் சுரண்டிய பிறகுதான் 'குரோ ஃப்ரம் சீட்ஸ்' என்ற கருவி கண்ணில் பட்டது. தொடை எலும்பில் ஒரு கோடு, இடுப்பில் ஒரு கோடு, மற்றதில் ஒரு கோடு எனக் கிறுக்கிவிட்டால், எல்லை எங்கே என்று அதுவே கணக்கிடும். இந்த ஒரு வசதிக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அப்புறம், அந்த மாடல் சரியா என்ற சந்தேகம். கறிக்கடைக்குப் போனேன். "பாய், தொடை எலும்பு முழுசா வேணும், வெட்டாதீங்க." "சூப்புக்குன்னா வெட்டினாத்தானே தம்பி நல்லாருக்கும்?" விளக்க முடியாமல் சிரித்துவிட்டு வாங்கி வந்தேன். வேகவைத்துச் சுத்தம் செய்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தெரிந்த ஸ்கேன் மையத்தில் இரவு ஆள் இல்லாத நேரத்தில் எடுத்தோம். வெர்னியரில் நடுத்தண்டின் விட்டம் 17.2 மி.மீ. ஸ்லைசரில் த்ரெஷோல்டை 200இல் வைத்தால் 17.9; 700இல் வைத்தால் 17.2. ஒரே எலும்பு, ஒரே ஸ்கேன். தண்ணீருக்கும் எலும்புக்கும் பாதி வழியில் வைத்தால்தான் ஓரம் சரியாக விழுகிறது. கண்ணுக்கு அழகாக இருக்கும் இடத்தில் நகர்த்தியை நிறுத்தியிருந்தால், 0.7 மி.மீ. தடித்த எலும்பை வைத்துத் தகைவு (சுமையால் எலும்புக்குள் எழும் விசை) கணக்கிட்டிருப்பேன்.

வழிகாட்டி முதலில் கொடுத்த ஸ்கேன், வெட்டுப் படங்களை 5 மி.மீ. இடைவெளியில் எடுத்தது. எலும்பின் தலை கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி வந்தது. ஸ்மூத்திங் போட்டால் படிகள் மறையும், கூடவே எலும்பும் கொஞ்சம் இளைக்கும். இதில் ஸ்லைசரைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேனில் இல்லாததை எந்த மென்பொருளாலும் தர முடியாது. 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஸ்கேன் கேளுங்கள்.

மாடலை வெளியே எடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்று எதுவும் எழுதப்படுவதில்லை. ஸ்லைசர் மி.மீ.யில் கொடுத்ததை நான் வேறொரு மென்பொருளில் அங்குலமாகத் திறந்து, 25.4 மடங்கு பெரிய ஆட்டைப் பார்த்தேன். எஸ்டிஎல்லில் இருப்பதும் முக்கோணங்களால் ஆன வெறும் மேல்தோல்தான். வலிமைக் கணக்குக்கு உள்ளே நான்முகிகளால் நிரப்ப வேண்டும். 'செக்மென்ட் மெஷர்' (Segment Mesher) என்ற துணைநிரலைப் போட்டுக்கொண்டால் அதையும் இங்கேயே முடிக்கலாம்.

சேமிக்கும் பெட்டி மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வேலைக்கு ஏழெட்டுக் கோப்புகளை வரிசையாக நீட்டும். ஒரு நாள் தவறானதில் டிக் போட்டு, மதியம் முழுக்கச் செய்ததை இழந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே எம்ஆர்பி (.mrb) கோப்பு மூட்டையாகக் கட்டிவிடுகிறேன். ஏற்றும் ஸ்கேனின் அளவைப் போலப் பத்து மடங்கு ரேம் வேண்டும் என்கிறார்கள். என் 8 ஜிபி மடிக்கணினி திணறித்தான் போனது. 16 போட்ட பிறகு சரி.